மூணு மணி நேரத்தில் சயாம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், சுங்கைப் பட்டாணி பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு கிராணி இருந்தார். ஆபீசில் பேரெழுதுகிற வேலை. சலவை காணாத வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் காணாத தலை. கைக்கடிகாரத்தைச் சிப்பாய் ஒருவன் முதல் வாரமே கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகும் ஐயா வெறும் மணிக்கட்டைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார்.

ஆகாயத்தில் பிளேன் இரைந்தால் நாங்கள் சாக்கடைக்குள் குதிப்போம். இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து வரைபடத்தில் கட்டைவிரலால் அளப்பார். “மெட்ராசுக்கு ஏழே மணி நேரம்!” என்பார். அரிசி தேடிப் பட்டணத்துக்குப் போக எங்களுக்கு அரை நாள் நடை. அதை அவர் ஒருநாளும் அளந்ததில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். பட்டியல் எழுதியவர் இவர்தான். அதில் என் வீட்டுக்காரர் பேரும் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

“ரொம்பத் தூரமாங்கய்யா?”

கட்டைவிரலை வைத்தார். “பிளேன்ல மூணு மணி நேரம்தாம்மா. எதுக்கு அழுவுற?”

“பிளேன்லயா ஏத்துறாங்க?”

“லாரியிலதான். தூரம் ஒண்ணுதானே!”

லாரி வந்த காலையில் ஓர் ஆள் குறைந்தது. யாரோ காட்டுக்குள் ஓடிவிட்டான். சிப்பாய் சுற்றுமுற்றும் பார்த்தான். பட்டியலோடு நின்ற கிராணியையே பிடித்து ஏற்றிவிட்டான்.

“எவ்வளவு நேரங்கய்யா?” என்று கீழே நின்று கத்தினேன். வயிற்றெரிச்சல்.

அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். லாரி நகர்ந்ததும் தள்ளாடினார். என் வீட்டுக்காரர்தான் அவரை விழாமல் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இன்றுவரை கோபம் தீராதது கிராணியை அணைத்த அந்தக் கை மேல்தான்.