பனிமூட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு

மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் நான் வேலை செய்யும் பட்டறையில் பனிமூட்டம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது. ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். பிரான்சு தேசத்து ஆறு, வைக்கோற்போர், மூடுபனி என்று அந்தக் காலத்தில் வரைந்த படங்கள். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்கிறார்கள். அதைத் தாளில் அச்சடித்து, வெள்ளைப் பூச்சுப் போட்ட அலுமினியத் தகட்டில் கவிழ்த்து, சூட்டு பிரஸ்ஸில் அழுத்தினால் வண்ணம் தகட்டுக்குள் இறங்கிவிடும். சுரண்டினாலும் போகாது. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு முதல் மாதம் முழுக்கப் பயம். எல்லாப் படமும் கலங்கலாக வந்ததால் நான்தான் கெடுக்கிறேன் என்று நினைத்தேன். மேற்பார்வை பார்க்கும் சாந்தி அக்கா இங்கேயே, பக்கத்து ஜெராமில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். "கிட்ட பாத்தா அப்படித்தான் இருக்கும் லா. தள்ளி நின்னு பாரு தம்பி," என்றார்.

அறந்தாங்கியில் போர்டு எழுதும் கடையில் தகரத்தோடு கிடந்தவன் நான். ஆயுத பூசையன்று முதலாளி தூரிகை, ஏணி, டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். எழுதாத தகரத்துக்கும் உண்டு. வெறும் நெற்றியோடு எதுவும் கிடக்கக்கூடாது என்பார். மறுநாள் வெள்ளை அடித்தால் பொட்டு மறைந்துவிடும்.

போன ஆயுத பூசைக்குச் சாந்தி அக்கா குங்குமத்தை என் கையில் கொடுத்தார். "ஊர்லேருந்து வந்தவன், ஒனக்குத்தான் மொற தெரியும்." பிரஸ்ஸுக்கு வைத்தேன். பழகிய கை, பக்கத்தில் தயாராக இருந்த தகட்டுக்கும் வைத்துவிட்டது. உடனே துடைத்தேன்; சுத்தமாகத்தான் தெரிந்தது. அழுத்தி எடுத்தபோது ஆற்றங்கரைப் பனிக்குள் மிளகளவு சிவப்பு.

அந்த மாதம்தான் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவரை, தகடுகளைக் கெடுக்கிறார் என்று இங்குள்ள முதலாளி ஊருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

"அக்கா, இந்தச் செவப்பு..."

"பூ லா. ஆத்தோரத்துல பூ இருக்காதா?"

"இல்லக்கா, இது நான்..."

"இன்னும் ஒனக்குப் படம் பாக்கத் தெரியல. தாள்ல சுத்து, லோரி நிக்குது."

சுற்றினேன். கணினியில் இருந்த படத்தைப் பிறகு பார்த்தேன். அந்த இடத்தில் பூ இல்லை. அதன்பின் முதலாளியின் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பிரஸ்ஸை விட்டுவிட்டுக் காது கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமலே பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட்டார். அதுவும் பயமாக இருந்தது.

பெர்மிட்டுக்கு மருத்துவப் பரிசோதனை மிச்சமிருந்தது. கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி பெஞ்சு நிறைய ஆட்கள். எதிர்ச் சுவரில் என் ஆறு. எழுந்து கிட்டப் போனேன். பொட்டு அப்படியே இருந்தது. பின்னாலிருந்து தாதி மலாயில் ஏதோ கேட்டார். பிடிபட்டுவிட்டேன் என்று "சாரி" என்றேன். அவர் சிரித்தார். படம் அழகாக இருக்கிறதா என்றுதான் கேட்டாராம். பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னார்.

ரத்தமும் நெஞ்சுப் படமும் சரியென்று சொன்னால் எனக்கு இன்னும் ஒரு வருடம். பொட்டு இந்த ஊரிலேயே தங்கிவிட்டது. தகட்டின் பளபளப்பில், பனிக்குள், என் முகம் கலங்கலாகத் தெரிந்தது. பொட்டு நெற்றிக்கு நேராக வரட்டும் என்று குனிந்தேன், கொஞ்சம் நிமிர்ந்தேன். வருவதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.