அப்பாவை அழவைத்த முயல்

என் அப்பா அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு முயலுக்காக. உயிருள்ள முயல் என்றாலாவது போகட்டும் என்று விடலாம். யாரோ ஒரு வெள்ளைக்காரன் சாயத்தில் வரைந்து அனுப்பிய பொம்மை முயல் அது. திண்டிவனம் டூரிங் கொட்டகையில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ. முதலில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அழுகிற ரகமே இல்லை. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை இருந்தது, வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செடி காய் பிடிக்கிற நாளில் முயல்கள் வந்து குதறிவிட்டுப் போகும். அப்பா வரப்போரம் வலை கட்டுவார். விழுந்ததைக் காதைப் பிடித்துத் தூக்குவார், கழுத்தில் ஒரு திருகு, அவ்வளவுதான். பக்கத்தில் யாராவது நின்றால் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார். ஏர் கட்டுவதைப் பற்றி ஆரம்பித்த பேச்சு முடிவதற்குள் முயல் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை, குழம்பு கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் எங்கள் கவலையாக இருக்கும்.

அக்காவை விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை செய்கிறவருக்குக் கொடுத்திருந்தோம். அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும், அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிட வேண்டும். கேட்கிறவர்களுக்குக் குழப்பம். அதனால் மாப்பிள்ளை என்றே சொல்லிவிடுகிறேன். அவர் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை. முறுக்கியதற்குக் காரணம் ஒரு வேட்டி.

உலகச் சண்டைக் காலம் அது. துணிக்குக் கண்ட்ரோல். கார்டைக் காட்டினால் அளந்து கிழித்துக் கொடுப்பார்கள், அதுவும் கோணிக்குத் தம்பி மாதிரி இருக்கும். தலை ஆடிக்கு வரிசை கொண்டுபோன அப்பா, எங்கெங்கோ அலைந்தும் நல்ல வேட்டி கிடைக்காமல், அந்தக் கண்ட்ரோல் வேட்டியையே தட்டில் வைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சோறு வடிக்க நன்றாக இருக்கும் என்று சொன்னாளாம். ஆடிக்கு அழைத்து வந்த அக்காவை ஆவணியில் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஆவணியில் யாரும் வரவில்லை. ஐப்பசி போயிற்று, தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. கிணற்றடியில் பொம்பளைகள் அக்காவைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள். அக்கா தண்ணீர் எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டாள், அந்த வேலை என் தலையில் விழுந்தது. இத்தனைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்தால் கொல்லைக்குப் போவார், பொழுது சாய்ந்தால் வருவார். அவருக்கு நெஞ்சு கல்லு என்று அம்மா அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மாசியில் ஒரு நாள் மாப்பிள்ளை மயிலம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அக்காவை அழைத்துப் போகத்தான் வந்தாரா, அறுத்துவிட்டுப் போக வந்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. இந்தத் தடவை அவர் தனியாக ரயில் ஏறினால் அவ்வளவுதான், பஞ்சாயத்தைக் கூட்டித் தாலியைக் கழற்றுவதுதான் பாக்கி என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வந்தவர் வாயைத் திறந்தால்தானே. அப்பாவை மாமா என்று கூப்பிடவில்லை. 'இந்தாங்க', 'ஏங்க' என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். மறுநாள் காலையில் அப்பா வலையில் விழுந்த முயலை வழக்கம்போல ஒரு திருகு திருகிக் கொண்டுவந்தார். அம்மா மல்லாட்டை எண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டார், கறி முத்தல் என்றார், கையைக் கழுவினார். சிரிப்பு என்பது அந்த முகத்துக்குக் கண்ட்ரோலில்கூடக் கொடுக்கப்படவில்லை போல.

மாப்பிள்ளை வந்தால் என்னைப் போன்ற கொழுந்தியாளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கேட்கக் காணோம் என்று அப்பாவே கேட்டார். அப்பா அதுவரை சினிமா பார்த்ததே இல்லை. அன்றைக்கு வண்டியைக் கட்டி, மாட்டுக்குச் சலங்கையெல்லாம் போட்டு, எங்கள் எல்லோரையும் திண்டிவனத்துக்கு ஓட்டினார். வழி நெடுக மாட்டைத் தவிர வேறு யாரோடும் அவர் பேசவில்லை.

கொட்டகையில் மணலில்தான் உட்காரவேண்டும். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர். நாங்கள் சுவரை ஒட்டி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி அப்பாவும் மாப்பிள்ளையும். நான் மண்டிபோட்டால் அவர்கள் தலை தெரியும். முதலில் சர்க்கார் உத்தரவுப்படி சண்டைப் படம் ஓடியது, ஆகாயக் கப்பல்கள் பறந்தன, பாதிப்பேர் வேர்க்கடலை வாங்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் வந்தது.

திரை பச்சையாகிவிட்டது. நிஜப் பச்சை. அதுவரை கறுப்பும் வெள்ளையுமாகப் பார்த்த ஜனம் 'ஆத்தாடி' என்றது. புல்வெளி, நடுவில் ஒரு வளை. வளையிலிருந்து இரண்டு காது முளைத்தது, பிறகு ஒரு முயல் எழுந்து, மனிதன் மாதிரி இரண்டு காலில் நின்று, காதை சீப்பால் வாரிக்கொண்டது. என் பக்கத்திலிருந்த ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பேய் பிடித்த முயல் என்று யாரோ சொன்னார்கள். நிஜ முயலைத் தின்று வளர்ந்த நானே அக்கா முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன்.

துப்பாக்கியோடு ஒரு குண்டன் வந்தான். வளை வாசலில் குந்தி உள்ளே குறிபார்த்தான். முயல் வேறு வளை வழியாக வந்து அவன் பக்கத்திலேயே குந்தி, அவனோடு சேர்ந்து வளைக்குள் எட்டிப்பார்த்தது. அவன் திரும்பாமலே, சத்தம் போடாதே என்று அதற்கு விரலைக் காட்டினான். அதுவும் வாயில் விரலை வைத்து எங்களைப் பார்த்தது. ஆமாம், எங்களைத்தான். கொட்டகையே அதற்கு உடந்தை என்கிற மாதிரி. அந்த முயலின் சாமர்த்தியமே அங்கேதான் இருந்தது. எதையும் சட்டென்று செய்யாது. செய்வதற்கு முன் ஒரு கணம் நின்று, செய்யட்டுமா என்று நம்மைப் பார்க்கும். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் செய்யும். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளோடு எத்தனையோ பொம்மைப் படங்கள் பார்த்துவிட்டேன், அந்த ஒரு கணத்தை அப்படி அளந்து நிறுத்தியதை வேறெங்கும் பார்க்கவில்லை. ஓடுகிறதும் விழுகிறதும் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

பிறகு குண்டன் சுட்டுவிட்டான். முயல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியது. விழப்போன இடத்தில் ஒரு கல் கிடந்தது. குனிந்து கல்லை எடுத்துத் தூரப் போட்டது, புல்லைத் திரட்டித் தலைக்கு வைத்தது, படுத்தது, செத்தது. குண்டன் துப்பாக்கியை வீசிவிட்டு அதை மடியில் எடுத்துப்போட்டுக்கொண்டு அழுதான். அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, அழுகைக்கு எந்த பாஷை வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை கப்சிப் என்று அடங்கியது. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மாடு என்று நினைத்தேன். மண்டிபோட்டுப் பார்த்தால், அப்பா. காலையில்தான் ஒரு முயலின் கழுத்தைத் திருகிய மனுஷன், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். எனக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை, வாய் திறந்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்தாள், வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

திரையில் முயல் ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. மெதுவாக மடியிலிருந்து நழுவி, குண்டனின் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் சேர்ந்து அழுதது. ஒரு கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டியது. அவன் மூக்கைச் சிந்தினான், நன்றி சொன்னான். அப்புறம் திரும்பினான். அந்த ஒரு கணம். விட்டது பாருங்கள் ஒரு உதை, குண்டன் உருண்டுபோய் வளைக்குள் தலைகீழாகச் சொருகிக்கொண்டான். கொட்டகை வெடித்தது. மணலை வாரி இறைத்தார்கள், விசில் அடித்தார்கள். மாப்பிள்ளைகூடத் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் கேட்ட முதல் சிரிப்பு அது, தகரத்தை உலுக்கின மாதிரி இருந்தது. அக்கா முகம் பேயறைந்தது போல் ஆயிற்று. கட்டிக்கொண்டவளே அதற்கு முன் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அத்தனை சிரிப்பிலும் அப்பா நிறுத்தவில்லை. முயல் எழுந்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பாவம், புதுசாகப் படம் பார்க்கிறவர். சுவரின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

"அப்பா, அது சாவலப்பா! நடிச்சிக்கினு இருந்துச்சு. எழுந்துக்கிச்சு பாரு!"

கொட்டகைக்கு இது இரண்டாவது வேடிக்கை. ரீல் மாற்ற விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். முயலுக்கு அழுவுறாருடா பெருசு என்று ஒரு குரல். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். அப்பா துண்டை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து, விளக்கும் போட்டு, முயலும் பிழைத்த பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை. மாப்பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் தலைகுனிந்திருந்த அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கைக்குட்டைக்குப் பிறகு என்ன வரும் என்று இப்போதுதானே பார்த்தேன். அடுத்தது உதைதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தொடச்சிக்குங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அப்புறம், "காலையில ரயிலுக்கு ரெண்டு பேரா போறோம். அவள மூட்ட கட்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் கண்ணைத் திறந்தபோது அப்பா அந்தக் கைக்குட்டையை மடித்துத் தொடையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய படம் ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளையில் யாரோ நிறையப் பாடினார்கள், எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் மயிலம் ஸ்டேஷனில் அக்கா ரயில் ஏறினாள். அம்மா ஓவென்று அழுதாள், நான் அழுதேன், அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா மட்டும் மூட்டையை ஏற்றுவதும், மல்லாட்டைச் சாக்கை எங்கே வைப்பது என்று மாப்பிள்ளையைக் கேட்பதுமாக இருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ரயில் போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று கிளம்பினார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. பொம்மை முயலுக்கு ஊரே சிரிக்க அழத் தெரிகிறது, பெற்ற பெண் போகிறாள், மரம் மாதிரி நிற்கிறாரே. அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டேவிட்டேன்.

"அக்கா மேல உனக்குப் பாசமே இல்லியாப்பா? அந்த முயலு மேலதான் பாசமா?"

அப்பா வண்டிமாட்டின் கயிற்றை அவிழ்த்தார். "ஆமாம்மா, முயலு மேலதான்" என்று சொல்லி என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.