முகம் பார்க்காத வாடகை

தையல்காரரைப் பார்த்தால் பெரிய முரடர் என்றுதான் நினைப்பீர்கள். மீசையும் குரலும் அப்படி. ஆனால் மாடியில் குடியிருக்கும் வேன் டிரைவரிடம் வாடகை கேட்கப் போனால் போதும், ஆள் பஞ்சாகிவிடுவார். போன மாதம் அப்படித்தான் விறைப்பாக மாடியேறினார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தால், வாடகையும் இல்லை, சட்டைப் பையில் இருந்த டீக்காசும் இல்லை. வேன் என்ஜின் படுத்துவிட்டதாம், பாவமாம்!

மனைவிக்கு வந்ததே கோபம்! வராதா பின்னே? தையல்காரரின் வலது கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்க்கவே அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டார். போட்டுப் பார்த்த மனுஷனால் கையைத் தொங்கவிட முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதற்குக் கட்ட வேண்டிய பணம் மூன்று மாத வாடகையாக மாடியிலேயே நிற்கிறது. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போதோ. அதுவரைக்கும் கடையை மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

"இனிமே கையில காசு வாங்கற வேலையே வேண்டாம்" என்றாள்.

"சரி, செக்கா வாங்கிக்கறேன்."

"வாங்கிக் கிழிச்சீங்களே!" என்று பொத்தான் டப்பாவைத் திறந்து காட்டினாள். டிரைவர் கொடுத்த செக் இரண்டு உள்ளே கிடந்தன. 'நான் சொல்றப்ப பேங்க்ல போடுங்கண்ணே' என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான். அவன் சொல்லவும் இல்லை, இவர் போடவும் இல்லை.

ஆகவே போனில் மட்டும் வாங்குவது என்று முடிவானது. முகத்தைப் பார்த்தால்தானே இந்த மனுஷன் இளகுவார், போனில் வருகிற பணத்துக்கு ஏது முகம் என்பது அவள் கணக்கு. 'வாடகை போனில் மட்டும். நேரில் வர வேண்டாம்' என்று அட்டையில் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள்.

மறுநாள் காலையிலேயே போன் 'டிங்' என்றது. இரண்டு பேரும் ஓடினார்கள். வந்திருந்தது ஒரே ஒரு ரூபாய். குறிப்பு எழுதும் இடத்தில், "அண்ணே, பொண்ணுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் பொறுத்துக்குங்க" என்று இருந்தது. மத்தியானம் இன்னொரு ரூபாய்: "வேன் இன்னும் ஷெட்லதான் நிக்குது." சாயங்காலம் மூன்றாவது: "அண்ணி கோவமா இருக்காங்களா?"

எல்லாவற்றையும் அவள்தான் படித்துக் காட்டினாள். தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். "பச்சப் புள்ளைக்குக் காய்ச்சலாமே..."

அவ்வளவுதான். அவள் திருப்பி அவனுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அதே இடத்தில் எழுதினாள்: "தம்பி, உங்க அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். பணம் கட்டலேன்னா கெடையாது. அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அதான் நான் சொல்றேன்."

"ஐயையோ, மானத்த வாங்கிட்டியே!" என்று தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் மூன்று மாத வாடகையும் மொத்தமாக வந்து விழுந்தது. பின்னாலேயே டிரைவரும் தடதடவென்று படியிறங்கி வந்தான்.

"ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இது என்ஜினுக்குன்னு சேத்து வெச்சது. என்ஜின் காத்திருக்கும், கண்ணு காத்திருக்குமா? ஒவ்வொரு தடவையும் 'சரி, விடு தம்பி'ன்னுட்டுப் போயிடுவீங்க. நான் என்னடான்னா, நீங்க நல்ல வசதியா இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்!"

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கூட்டாளியின் வேனை இரவல் வாங்கியாவது தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் படியேறி மறையும் வரை தையல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நம்மள வசதியான ஆளுங்கன்னு நெனச்சிருக்கான்!"

குரலில்தான் என்ன பூரிப்பு! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆபரேஷன் முடியட்டுங்க. அப்புறம் நம்ம வசதிய நீங்களே ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பாத்துக்குங்க."