இறக்கக்கண்டிப் பாறையில் ஒரு விஞ்ஞான வகுப்பு

போன ஜூலையில் நான் திருகோணமலைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் சிநேகிதி சுகந்தி அங்கே ஒரு பாடசாலையில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். "பிள்ளையளைப் பாறை பாக்க இறக்கக்கண்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். நீயும் வா. பக்கத்தில நிண்டால் போதும்" என்று தொலைபேசியில் சொன்னாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவள். அதன் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் இருந்துகொண்டு, ஒரு பெட்டிக் கற்களை மேசையில் பரப்பித்தான் பாறைப் பாடத்தை நடத்திவந்தாள். இந்த முறை ஹஸ்னா என்ற மாணவி, "ரீச்சர், இந்தக் கல்லு எந்தக் கரையில எடுத்தது?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது.

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, லிங்கநகரில் அவள் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை வாடகை பஸ்ஸில் பிள்ளைகளோடு புறப்பட்டோம். நிலாவெளி வீதியால் போனால் இறக்கக்கண்டி ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். நீங்கள் போவதென்றால் ஏழு மணிக்கு முன் வெளிக்கிடுங்கள், வெயிலுக்குத் தப்பலாம். "இப்ப கடல் குளம் மாதிரி. மாரியில வந்தீங்களெண்டால் பாறைக்குக் கிட்டவும் போக ஏலாது" என்றார் சாரதி.

கரையில் இறங்கியதும் சுகந்தி மேலே, தாழம்புதர் ஓரமாகவே நின்றுகொண்டாள். அங்கிருந்தபடியே குரல் கொடுத்து வகுப்பை நடத்தினாள் பாருங்கள், நான் அசந்துபோனேன். கிடந்த வெள்ளைத் துண்டொன்றில் வினாகிரி விடச் சொன்னாள். நுரைத்தது. "முருகைக்கல்!" என்று கத்தினார்கள். பவளப் பூச்சிகள் கட்டிய சுண்ணாம்புக் கல் அது, புளிப்புப் பட்டால் நுரைக்கும். பக்கத்திலிருந்த சாம்பல் நிறப் பாறையில் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மணலில் இழுத்தபோது கறுப்பு மணிகள் தாடிபோல் ஒட்டிக்கொண்டன. "வடக்க புல்மோட்டைக் கரையில அள்ளுறதும் இப்பிடிக் கனிய மணல்தான்" என்றாள். பாடப்புத்தகத்தில் பார்த்தபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள் காந்தத்துக்குச் சண்டை பிடித்தார்கள்.

அப்போதுதான் தண்ணீர் ஓரத்திலிருந்து ஹஸ்னா கூப்பிட்டாள்.

"ரீச்சர், இந்தப் பாறையில கோடெல்லாம் மடிஞ்சு கிடக்கு! இஞ்ச வாங்க!"

"ஃபோனில படம் எடுத்துக்கொண்டு வாங்கோ பிள்ளை."

"படத்தில தெரியுதில்ல ரீச்சர். அலை வந்து நனைச்சாத்தான் தெரியுது."

உண்மைதான். காய்ந்த பாறை ஒரே சாம்பல் நிறம். நனைந்தால்தான் கறுப்பும் வெள்ளையும் பிரியும். சுகந்தி என் கையைப் பிடித்தாள்.

மெல்ல இறங்கினோம். முதல் அலை காலைத் தொட்டதும் நின்றுவிட்டாள். திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் என் கையை விட்டுவிட்டு, குனிந்து பாறையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது ஒருகாலம் நிலத்துக்கடியில கன ஆழத்தில கிடந்தது. அங்க இருந்த சூட்டிலயும் பாரத்திலயும் இளகி, இப்பிடி மடிஞ்சுபோச்சு. உருமாறிய பாறை எண்டு படிச்சனீங்களே, இதுதான்."

"எத்தின வருசத்துக்கு முந்தி ரீச்சர்?"

"கோடிக்கணக்கில, ஹஸ்னா."

அடுத்த அலை அவள் சேலையை முழங்கால்வரை நனைத்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சுகந்தி சிரித்தாள். ஏறி வரவில்லை. வகுப்பின் மிச்சத்தைத் தண்ணீரில் நின்றபடியே முடித்தாள். பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போன பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தம்பி நல்லா நீந்துவான்."

நான் பார்த்த எத்தனையோ ஊர்களில், ஒரு மனுசியின் துணிவை இவ்வளவு கிட்ட நின்று பார்த்தது இங்கேதான்.

நீங்களும் போவதென்றால், வழுக்காத சப்பாத்து போடுங்கள். பாசி படிந்த இடத்தில் கால் வைக்க வேண்டாம். தண்ணீர், தொப்பி, ஒரு சின்னப் போத்தல் வினாகிரி, காந்தம் போதும். கற்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கூட வந்தவர்களில் யாராவது கரையில் தள்ளி நின்றால், வா வா என்று இழுக்காதீர்கள். இறங்கத் தோன்றினால் அவர்களே உங்கள் கையைப் பிடிப்பார்கள்.