பாலாட்டம் விழுந்த கலங்கல் தண்ணி

எங்க வூட்டுக்காரு ஆல்வினுக்கு தண்ணிப் பைத்தியம். ஐயே, அந்தத் தண்ணி இல்லீங்க, ஸ்தோத்திரம், அத அவரு தொட்டதே இல்ல. மேலேர்ந்து கீழ விழற தண்ணி. அது எங்க விழுந்தாலும் நின்னு போட்டோ எடுக்கணும் அவருக்கு.

நாவலூர்ல கம்பெனி வண்டி ஓட்றாரு. ராத்திரி ஷிப்டு முடிச்சு எல்லாரையும் அவங்கவங்க வூட்ல எறக்கி வுட்டுட்டு, எங்க ஊரு கருங்குழிக்கு வந்து மனுசன் படுக்கணுமா இல்லியா? படுக்க மாட்டாரு. கேமராவத் தோள்ல மாட்டிகினு பாலாத்துத் தடுப்பணைக்குக் கெளம்பிடுவாரு. கோவளத்துல கல்யாண போட்டோ எடுக்கற ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய கேமரா அது. எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாகூட அவள இப்பிடித் தொடச்சித் தொடச்சி வச்சிருக்க மாட்டாரு.

செங்கல்பட்டு ஜில்லாவுல அருவிக்கு எங்க போறது? ஏரிதான் கீது, தடுக்கி வுழுந்தா ஏரி. மழைக்காலத்துல ஏரி நெறஞ்சு ஒரு கல்லுக்கட்டு மேல வழிஞ்சு விழுமே, அதத்தான் கலங்கல்னுவோம். அவருக்கு அதான் குத்தாலம். “நாவலூருக்குப் பக்கத்துலதான கோவளம் கீது, கடலப் போய் எடேன்”னு கேட்டா, “அலை போய்ப் போய் வரும் ஹெலனு. இது பாரு, விழுந்துகினே கீது, ஆனா எடத்த வுட்டு நகரல”ன்னுவாரு. வெயில் ஏறிட்டா எடுக்க மாட்டாரு, தண்ணி வெள்ளக் காயிதமாட்டம் ஆயிடுமாம். மோடம் போட்டா குஷி. தூறல் வந்தா குடைய கேமராவுக்குப் புடிச்சிட்டு இவரு நனைவாரு. காத்தடிச்சா கேமரா ஸ்டாண்டு ஆடும், அப்ப அத அழுத்திப் புடிக்கற வேலை எனக்கு.

அவரு எடுக்கற விதமே வேற. லென்சுக்கு முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடிய மாட்டி, கேமரா கண்ண கொஞ்ச நேரம் தொறந்தே வச்சிருப்பாரு. அப்பிடி எடுத்தா கொந்தளிச்சி விழற தண்ணி, நொரை, சுழி எல்லாம் ஒண்ணாக் கலந்து வழவழன்னு வந்துடும். பாக்க அழகாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. அந்த அழகுதான் எங்க வூட்டு உசுருக்கே உலை வக்கப் பாத்துச்சி.

அவருக்கு ஒரே தங்கச்சி, ஷாரோன். கட்டினது ஹரிஹரனை. பக்கத்து ஊர்ல ஏரிப் பாசனத்துல நெலம் வச்சிகினு கீற குடும்பம். அவங்களாட்டம் ஆளுங்க வயல்லதான் என் மாமனாரு ராஜேந்திரன் கூலிக்கு நாத்து நட்டாரு. இன்னிக்கு நாங்க மாசச் சம்பளம் வாங்கறோம், ஆனா ஹரிஹரனோட அம்மா, வேண்டான்னு பேரு, அவங்களுக்கு அதெல்லாம் கணக்கில்ல. புள்ள ஆசப்பட்டானேன்னு ஷாரோனை வூட்ல சேத்துகினாங்க. எங்கள வாசப்படிகூட மிதிக்க வுடல. பஸ் ஸ்டாண்டுல எதுர எதுர பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆல்வின்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவரு வெளிய காட்டிக்க மாட்டாரு, ஆனா தங்கச்சி பேரச் சொன்னா சோறு எறங்காது.

போன ஐப்பசி அடமழையில அவங்க ஊரு ஏரி நெறஞ்சி கலங்கல் எடுத்துச்சி. இவரு விடியக்கால வண்டிய வுட்ட கையோட அங்க போய் எடுத்தாரு. போன்ல ஸ்டேட்டஸும் வச்சாரு. மத்தியானம் சாப்ட்டுகினு இருக்கறப்ப ஷாரோன் போன்ல பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. எட்டு மாசம் அவளுக்கு.

“அண்ணா, உன் போட்டோவ என் போன்ல எங்க அத்தை பாத்துட்டாங்க. தண்ணி பாலாட்டம் எவ்ளோ சாதுவா வுழுதுன்னாங்க. மாசமா கீற பொண்ணு கலங்கல்ல மூணு முழுக்குப் போட்டா ஏரியாட்டம் நெறவாப் புள்ள பொறக்குமாம். இப்பவே கூட்டிகினு போறாங்க.”

அவரு கையில எடுத்த சோறு அப்பிடியே தட்டுல வுழுந்துச்சி. “ஹெலனு, அது சாது தண்ணி இல்ல. காலைல முழுப் பனமரத்த உருட்டிகினு போச்சி. நான் ஸ்டாண்ட மரத்துல கட்டிதான் எடுத்தேன்.”

ஷாரோனுக்குப் போன் அடிச்சா எடுக்கல. ஹரிஹரன் போன் ஆப். பைக்க எடுத்தோம். பின்னாடி ஒக்காந்து நான் வாய மூடல. “வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற ஜனம்யா இது! உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? உள்ளத உள்ளபடி எடுத்தா இன்னா கொறஞ்சிடும்?” அவரு ஷாரோனு, ஷாரோனுன்னு முணுமுணுத்துகினே ஓட்னாரு. அப்பறம் எனக்கும் திட்ட வரல. ஏசப்பா, ரெண்டு உசுரையும் காப்பாத்துன்னு கண்ண மூடிக்கினேன்.

ஏரிக்கரை மேல ஒரே கூட்டம். கீழ தண்ணி செம்மண்ணு நெறத்துல குதிச்சிகினு கீது. ஷாரோனக் காணல. ஆல்வின் பைக்க அப்பிடியே போட்டுட்டு கலங்கல் பக்கம் ஓடறாரு. “அண்ணா!”ன்னு பின்னாடி ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, புளியமரத்தடியில ஒக்காந்து பட்டாணி சுண்டல் தின்னுகினு கீறா மகராசி. பொடவ நனையல, பாதம் மட்டும் ஈரம். அப்பாடா! நான் அங்கியே சேத்துல ஒக்காந்துட்டேன். ஆல்வின் மூச்சு வாங்க அவகிட்ட ஓடியாந்தாரு.

பக்கத்துல சொம்போட வேண்டா நிக்கறாங்க. நேரா இவருகிட்ட வந்தாங்க.

“நீதான எடுத்த அந்தப் போட்டோவ? அதுல சத்தம் வருதாடா? வண்டிலேர்ந்து எறங்கனதுமே காது அடைக்குது. அந்தப் பேய்த் தண்ணில நான் என் மருமவள எறக்குவனா? ஓரமா வாய்க்கால்ல மொண்டு காலுக்கு ஊத்தினேன். அது போதும் அவளுக்கு.”

“தப்புதாம்மா”ன்னாரு ஆல்வின். தேம்ப ஆரம்பிச்சிட்டாரு, அவ்ளோ பெரிய ஆளு.

அந்தம்மா அவர மேலயும் கீழயும் பாத்தாங்க. “தங்கச்சி போயிட்டான்னே நெனச்சிட்டியா? குனி”ன்னாங்க. பயந்தவங்க தலையில தண்ணி ஊத்தினா பயம் எறங்கும்னு எங்க பக்கம் செய்வாங்க, பெத்தவங்க செய்வாங்க, அத்தை மாமன் செய்வாங்க. வேத்தாளு செய்ய மாட்டாங்க. ஆல்வின் குனிஞ்சாரு. சொம்புல மிச்சமிருந்த தண்ணிய அவரு உச்சியில ஊத்தி, அவங்க முந்தானையாலயே மூஞ்சியத் தொடச்சி வுட்டாங்க.

நான் சேத்துலேர்ந்து எழுந்து ஓடினேன்.

“எனக்கும் ஊத்துங்க அத்தை.”