மேடைக்குத் தெரியாத எட்டுக் கிலோ

காலையில் முதல் லாரி வருவதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையின் நடுவில் போய் நிற்பார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கும். ஓட்டுநர்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடி அறையின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு எண்பலகையை அண்ணாந்து பார்ப்பார். எண் ஆடாமல் நின்றதும் உள்ளே போய்ப் பதிவேட்டில் 'சோதனை' என்று எழுதி அந்த எண்ணைப் போடுவார். மேடைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. பதினெட்டு வருடம் இப்படி நடந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் முதலில் 80, பிறகு 90, பிறகு 100, கடைசி நான்கு வருடம் 110. தன் உடம்பின் கதையைத் தன் கையாலேயே எழுதிவருகிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது மேடையின் சோதனை, அவ்வளவுதான்.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பத்துக்கிலோ அண்ணன்'. ஐம்பது டன் தாங்கும் அந்த மேடையில் எண் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் நகரும். யாராவது ஐந்து கிலோ குறைகிறது, எட்டுக் கிலோ கூடுகிறது என்று சண்டைக்கு வந்தால் அவர் குரலை உயர்த்த மாட்டார். "பத்துக் கிலோவுக்குள்ள நடக்கறதெல்லாம் இந்த மேடைக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சே ஆகணும்னா காய்கறிக் கடைத் தராசுல உன் லாரிய ஏத்து" என்பார். சண்டைக்கு வந்தவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். டீயோடு ஒரு பன்னும் வரும். மறுத்தால் மனத்தாங்கல். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சண்டை என்றால் பன்னிரண்டு டீ.

அவருடைய அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். "என்னோடதுல ஒண்ண எடுத்துக்குங்க டாக்டர்" என்று அவர் சொன்னபோது, டீக்கு நான் கொடுக்கிறேன் என்று சொல்கிற மாதிரி இருந்தது என்று அக்கா இன்றும் கேலி செய்வாள். இரத்தம் பொருந்தியது. எடைதான் பொருந்தவில்லை. "தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வாங்க. வந்தா மட்டும் பத்தாது, அங்கயே இருக்கணும். மிச்சம் இருக்கப் போறது ஒரே ஒரு கிட்னி. அத நீங்க ஆயுசு முழுக்கக் காப்பாத்தியாகணும்" என்று சொல்லி, மருத்துவர் அவரை டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அவருடைய குழப்பம் அந்த அறையில்தான் தொடங்கியது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது. எதைத் தின்னக்கூடாது என்று ஒரு பட்டியல் வரும் என அவர் காத்திருந்தார். அவளோ எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிறகு எடை இயந்திரத்தைக் காட்டினாள்.

"ஏறி, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க சார்."

"எதுக்கு மேடம்?"

"நம்பரை நான் பார்த்துக்கறேன். குறைஞ்சா அந்தச் சந்தோஷத்துல சாப்பிடுவீங்க, கூடினா அந்த வருத்தத்துல சாப்பிடுவீங்க."

"வண்டிக்காரன் கண்ணுல காட்டாம எடை போட்டா, எங்க தொழில்ல அதுக்குக் கள்ள எடைன்னு பேரு."

"இது என் தொழில் சார். திரும்புங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் ஒரு கேரட் படம்.

அவள் சொன்னதும் அவருக்குத் தலைகீழாகவே பட்டது. ஒருநாளும் காலையில் சாப்பிடாதவரைக் காலையில் சாப்பிடச் சொன்னாள். தட்டில் பாதி காய்கறி, முட்டையோ பருப்போ கட்டாயம், சோறு ஒரு கை அளவு. சர்க்கரை இல்லாமல் இரண்டே டீ. அரை மணி நேரம் நடை. பட்டினி மட்டும் கூடவே கூடாது. "குறைக்கணும்னு போனவன சாப்பிடச் சொல்றாங்க. இது என்னக்கா நியாயம்?" என்று வீட்டில் கேட்டார். "லாரிக்காரன் மட்டும் நீ சொல்றதக் கேக்கணும், நீ யார் சொல்றதையும் கேக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

கேட்டார். நான்கு மாதம் பிசகாமல் கேட்டார். ஆனால் காலையில் மேடையில் நிற்பதை விடவில்லை. மேடை 110 என்றது. மறு மாதமும் 110. கால்சட்டை இடுப்பில் தளர்ந்திருந்ததைத் துணி இழுபட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் நல்லவள், ஆனால் விவரம் போதாது என்ற முடிவுக்கு வந்தார். மருத்துவமனைப் பரிசோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த ஐந்து நாளும் சாப்பாட்டை நிறுத்தினார்.

பரிசோதனை முடிவு வந்தது. அவருடைய சிறுநீரகமே சரியாக வேலை செய்யவில்லை என்றது இரத்தம். இந்த நிலையில் எடுக்க முடியாது, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். டயட்டீஷியன் அவரை வரச் சொன்னாள்.

"அஞ்சு நாளா என்ன சாப்பிட்டீங்க?"

அவர் சுவரிலிருந்த கேரட் படத்தைப் பார்த்தார்.

"தண்ணியாவது குடிச்சீங்களா?"

"அதுவும் எடைதானே மேடம்."

அவள் அவருடைய எடைகளைக் குறித்திருந்த தாளை அவர் பக்கம் திருப்பினாள். முதல் நாள் 114. பட்டினிக்கு முந்தைய வாரம் 106.

"மேடை நூத்திப்பத்துன்னுதானே காட்டுச்சு?"

"உங்க மேடை எத்தனை கிலோவுக்கு ஒரு தடவை நகரும் சார்?"

ஆயிரம் லாரிக்காரர்களுக்குச் சொன்ன பதில். இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "பத்து" என்று ஒருவழியாகச் சொன்னார். வீட்டில் அக்கா அவரைத் திட்டவில்லை. "ரெண்டு மாசம்னா இருபத்தாறு தடவை நான் அந்த மெஷின்ல படுக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அதன்பின் அவர் மேடையில் ஏறவில்லை. இருபது கிலோ எடைக்கல் ஐந்தைத் தூக்கி வைத்துச் சோதிக்கிறார். இரண்டு மாதம் கழித்து இரத்தம் தெளிந்துவிட்டது, எடைக்குத்தான் இன்னும் எட்டு மாதம் தேவைப்பட்டது. வாரத்துக்கு ஒரு பிடி, சில வாரம் அதுவும் இல்லை. போன மாதம் டயட்டீஷியன் அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. 94. அவருக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், "வண்டி காலியா நிக்கற மாதிரி இருந்துச்சு" என்கிறார்.

அன்றுதான் அவள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு வர்ற ஒரு சாதாரண நாள். எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் என்ன சாப்பிடுவீங்க, எப்ப நடப்பீங்க, எழுதிட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தருவேன்."

"நடக்காத நாள எப்படி மேடம் எழுதறது? வந்து நின்ன வண்டியத்தான் நான் எழுதுவேன்."

"அக்காவுக்காக இவ்வளவு இறக்கிட்டீங்க. கொடுத்து முடிச்ச மறுநாள்லேர்ந்து யாருக்காக? அதத்தான் கேக்கறேன்."

மூன்று வாரம் ஆகிறது. எதையாவது கிறுக்கிக் கொடுத்திருக்கலாம். அவளும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் வராத வண்டிக்கு எடைச்சீட்டு எழுதுவது அவர் இத்தனை வருடத்தில் செய்யாத வேலை. அந்த நாளில் டீயும் பன்னும் நீளும்போது, வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்ற நிலையில், தான் என்ன செய்வோம் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது அந்தக் கடிதத்துக்காக நிற்கிறது. கடிதம் இந்தத் தாளுக்காக நிற்கிறது. தாள் இன்னும் பாக்கி.

இன்றும் டயாலிசிஸ் அறையில், அக்காவின் கட்டிலை ஒட்டிய நாற்காலியில், அதை முழங்கால்மேல் விரித்து வைத்திருந்தார்.

"நான் சொல்றேன், நீ எழுதுடா. காலைல ரெண்டு முட்டை."

"அது நீ சொல்ற நாள், அக்கா."

"அப்ப உன் நாள எழுதேன். யாரு கையப் புடிச்சா?"

அவர் பேனாவைத் திறந்தார். எடைச்சீட்டில் எழுதுவதுபோல் மேல் மூலையில் தேதியும் நேரமும் போட்டார். 10.40. பேனா முனையைத் தாளில் ஊன்றினார். இயந்திரம் அக்காவின் இரத்தத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் போயும் தேதிக்குக் கீழே ஒரு எழுத்தும் ஏறவில்லை; சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். 10.40-ஐ ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் 10.55 என்று எழுதினார்.