வெளுத்துப்போன கொடிகள்

சிவப்புக் கொடிக்கும் ஆரஞ்சுக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு எப்படிப் படகு ஓட்டுவது என்று நான் போட்ட சத்தம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நான் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தேன். அவர் வளைகுடாவில் இருந்தார். படகு கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

என் கணவர் திருச்சியில் வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. வெளிநாட்டு வேலை கிடைத்தபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை; என்னையும்தான். அதனால் கிளம்புவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். விளையாட்டு இங்கே எங்கள் வீட்டில் ஓடும். அதன் படம் இணையம் வழியாக அங்கே அவருடைய பழைய லேப்டாப்புக்குப் போகும். அங்கிருந்து அவர் பட்டனை அழுத்தினால் இங்கே அவருடைய துடுப்பு அசையும்.

துடுப்பு என்று சொன்னேன் இல்லையா, அதுதான் எங்கள் ஆட்டம். ஒரு மலையாற்றில் இரண்டு பேர் ஒரே படகில் போக வேண்டும். ஆளுக்கு ஒரு துடுப்பு. சிவப்புக் கொடி வந்தால் இடப்பக்கம் திரும்பணும், ஆரஞ்சுக் கொடி வந்தால் வலப்பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பாவிட்டால் பாறையில் முட்டிப் படகு கவிழ்ந்துவிடும். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீயைக் குடித்துவிட்டு மாடிக்கு ஏறினால் ஒரு மணி நேரம் படகுதான். மற்ற நாட்களில் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்பதோடு போன் முடிந்துவிடும். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று உண்மையில் இருந்தது அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்தான்.

தீபாவளிக்கு நான் என் சம்பளத்தில் ஒரு புதுத் திரை வாங்கினேன். ஹெச்.டி.ஆர். உள்ள திரை. வெயிலைக் காட்டினால் கண் கூசும், நிழலைக் காட்டினால் அதற்குள்ளும் இலை இலையாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அதற்கான சுவிட்சைப் போட்டதும் வாயடைத்துப் போனேன். தண்ணீரில் வெயில் பட்டுத் தெறித்தது. இத்தனை நாள் எதைத்தான் பார்த்தோமோ என்றிருந்தது. அவரிடம் பெருமையாகச் சொன்னேன். தனக்கும் சூப்பராகத் தெரிகிறது என்றார்.

அன்றிலிருந்து படகு கவிழ ஆரம்பித்தது.

நான் இடப்பக்கம் இழுத்தால் அவர் வலப்பக்கம் இழுத்தார். அது சிவப்பு, கண் தெரியவில்லையா என்று கேட்டால், கவனிக்கவில்லை என்பார். வாராவாரம் அதே பதில். என் கோபம் ஊரறிந்தது. ஆனால் கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. இந்த மனிதருக்கு அலுத்துவிட்டது, கடமைக்கு உட்கார்ந்திருக்கிறார், மனசு இங்கே இல்லை என்று தோன்றியது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் அப்புறம் எங்களுக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்து, மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் பிள்ளைகள் முன்னால் கண் கலங்கி, அமிலப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எப்படியோ தட்டுத் தடுமாறி ஒரு கட்டத்தை முடித்தோம். அந்தச் சந்தோஷத்தில் அவர் தன் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினார். பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றி வெளுத்த மோர் மாதிரி இருந்தது ஆறு. வானமும் பாறையும் ஒரே சாம்பல். கொடிகள் இரண்டும் ஒரே மாதிரி, பழைய பழுப்பு. இதை வைத்துக்கொண்டு கடவுளே வந்தாலும் படகு ஓட்ட முடியாது.

"நல்லாத்தான இருக்கு. ஒனக்கு ஏன் சந்தேகம்?" என்றார் அப்போதும்.

எங்கள் பக்கம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே காய்ச்சல் என்றால் அது தணிந்த பிறகுதான் அங்கே சொல்வோம். போர் மோட்டார் எரிந்தால் மாற்றிய பிறகு சொல்வோம். அங்கிருந்தும் அப்படித்தான்: சாப்பாடு நல்லா இருக்கு, வேலை நல்லா இருக்கு, தனி ரூம் கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் இருக்கிறவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சாயம் போன படத்தைக்கூட நல்லா இருக்கிறது என்று இத்தனை வாரம் சொல்லியிருக்கிறாரே, இந்த மனிதரை என்ன செய்வது?

சரி செய்துவிடலாம், வீடியோ காலில் உங்கள் திரையைக் காட்டுங்கள் என்றேன். அங்கேதான் இழுத்தடித்தார். போன் கேமரா சரியில்லை என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எப்போது பேசினாலும் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் முகத்தை மட்டும் காட்டுகிற மனிதர். எனக்குப் பொறுமை தீர்ந்தது.

"கேமராவைத் திருப்புங்க. இல்லாட்டி துடுப்பைக் கீழ வச்சுட்டு நான் எந்திரிச்சுப் போறேன். இனிமே ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பிறகு கேமரா மெதுவாகத் திரும்பியது.

லேப்டாப் அவர் மடியில் இருந்தது. அதற்குப் பின்னால் எதிரே ஓர் இரும்புக் கட்டில், அதற்கு மேலே இன்னொரு கட்டில். கம்பி முழுக்கத் துண்டும் கைலியும் காய்ந்தன. கீழ்க்கட்டிலில் மூன்று பேர், மேல்கட்டிலில் இரண்டு பேர், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு குட்டி அடுப்பு, அதன் மேல் குக்கர். அடுப்பு எரியவில்லை. ஒருவர் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்.

தனி ரூம்.

கரண்டி வைத்திருந்தவர்தான் பேசினார். மீமிசல்காரராம், எங்கள் மாவட்டம்தான்.

"அண்ணன் எங்ககிட்ட ஒண்ணும் கேக்கல மதினி. தனி ரூம்னு உங்ககிட்ட சொன்னது எங்க காதுல விழுந்துச்சு. அதான் வெள்ளிக்கிழம நீங்க வந்தா நாங்க பேசுறதில்ல."

நான் அவர்களுடைய வேலையில்லாத ஒரே நாளை நினைத்துப் பார்த்தேன். வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, உரக்கச் சிரிக்கவும் ஊருக்குப் போன் போடவும் கறிக்குழம்பு வைக்கவும் கிடைக்கிற நாள். அதில் ஒரு மணி நேரத்தை, முகம் தெரியாத ஒருத்தி வருத்தப்படக் கூடாது என்று ஆறு ஆம்பளைகள் சத்தம் போடாமல் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அழுதேன். வருத்தத்தில் இல்லை. இத்தனை பேர் அவரைச் சுற்றி இருக்கிறார்களே என்ற நிம்மதியில் அழுதேன். இத்தனை நாள் அவர் ஒரு சுவரோடு தனியாகக் கிடக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது பரிசோதனைக் கூடத்தில் நான் தொண்டை வறளக் கத்துகிற பாடம். அவர் லேப்டாப்பில் வெளிச்சத்தை ஏற்றச் சொன்னேன், இன்னும் வெளுத்தது. நிறத்தைக் கூட்டச் சொன்னேன். கொடிகள் இரண்டும் சேர்ந்து பழுப்பிலிருந்து ரோஸாக மாறின. படம் அனுப்புகிற செயலியை அழித்துத் திரும்பப் போடச் சொன்னேன். ஒரு மாற்றமும் இல்லை. அங்கே மாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றானதும்தான் என் பக்கம் என்ன மாறியது என்று யோசித்தேன். கண்ணுக்கு நேரே பளபளவென்று நின்றது நான் வாங்கிய திரை.

கோளாறு இதுதான். ஹெச்.டி.ஆர். சுவிட்சைப் போட்டதும் என் கம்ப்யூட்டர் நிறங்களை வேறொரு பெரிய அளவில் அனுப்ப ஆரம்பித்திருந்தது. என் புதுத் திரைக்கு அந்த அளவு புரியும். அவருடைய பழைய லேப்டாப்புக்குப் புரியாது. அது தனக்குத் தெரிந்த சின்ன அளவிலேயே அதைக் காட்டியதால் எல்லாம் வெளிறிவிட்டது. கம்ப்யூட்டரில் அந்த சுவிட்சை அணைத்தேன். ஆட்டத்துக்குள்ளேயும் அதே பெயரில் ஒரு சுவிட்ச் இருந்தது, அதையும் அணைத்தேன். ஆட்டத்தை மூடித் திறந்து, படத்தை மறுபடி அனுப்பினேன்.

என் திரையில் வெயில் ஒரு படி இறங்கியது. அவர் திரையில் சிவப்பு, சிவப்பாக வந்தது. போன் வழியாகப் பார்த்த எனக்கே தெரிந்தது. மேல்கட்டிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "கோவமா?" என்று கேட்டார். கோபம்தான், அதை ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அவருக்குத் தெரிகிற அளவுக்கு எனக்கும் தெரிந்தால் போதும். அன்றைக்குப் படகு முதல் சிவப்புக் கொடியில் அழகாக இடப்பக்கம் திரும்பியது. ஆனாலும் அந்த அறையில் ஒரு சத்தம் இல்லை. பழக்கதோஷத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"எல்லாரும் பேசுங்கண்ணே," என்றேன். "அடுப்பையும் பத்த வைங்க."

மூன்றாவது கொடியைத் தாண்டும்போது, கல்யாணம் ஆகி அவர் வெளிநாடு போனதிலிருந்து முதல்முறையாக, என் கணவர் இருக்கிற அறையில் குக்கர் விசிலடிப்பதைக் கேட்டேன்.